கலப்படம்னு சொல்றதுக்கு முன்னாடி...

"ராக்கும் இல்லை, ராகமும் இல்லை, ரெண்டுங்கெட்டான்." டெல்லியில் நம்மவர்கள் வீட்டில் இந்தியன் ஓஷன் பாட்டை ஓடவிட்டால், பெரியவர்கள் ரெண்டு நிமிஷத்தில் கொடுக்கும் தீர்ப்பு இதுதான். எனக்கு இதில் பலத்த ஆட்சேபணை உண்டு.

இவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லைங்க. நம்ம கரோல் பாக் கஜூர் ரோட்டில் ஒரு பழைய பங்களாவில்தான் பல வருஷம் வாசித்துப் பழகினார்கள். அந்த முகவரியையே பெயராக வைத்து 2010ல் '16/330 கஜூர் ரோட்' ஆல்பம் வந்தது. ஏழு பாட்டு, மாதம் ஒன்றாக, இணையத்தில் இலவசம். தபலா வாசித்துக்கொண்டே பாடும் அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவர் குரல் இதில் இருக்கிறது.

பத்தாவது படிக்கும் என் மகளுக்கு இந்த ஆல்பம்தான் உசத்தி. எனக்கு 2000ல் வந்த 'கந்தீசா'. அதன் தலைப்புப் பாட்டு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடும் அரமேயிக் துதி. அதையே கிடார், டிரம்ஸோடு பாடியிருக்கிறார்கள்.

"நல்லாதான்ப்பா இருக்கு. ஆனா நகரவே மாட்டேங்குது" என்றாள்.

"ஆலாபனை கேட்கப் பொறுமை வேணும்டி."

"கிடார் சத்தம் ஏறினா நீங்க மட்டும் ஏன் வால்யூமைக் குறைக்கிறீங்க?"

பதில் இல்லை :-) ஆனால் ரெண்டு பேரும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சண்டை போடுகிறோம். அதுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அந்த 'ரெண்டுங்கெட்டான்' வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனதும் இவள் கேட்டாள்: "வீட்டுல தமிழ், ஸ்கூல்ல ஹிந்தி. அப்போ நானும் அதுதானாப்பா?"

பாட்டைத் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாரைத் திட்டுகிறோம், பாருங்கள்.

சுத்தம் பேசுகிறவர்கள் கச்சேரி மேடையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும். வயலின் எங்கிருந்து வந்தது? முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்தது. தீட்சிதரே மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். மாண்டலின் ஸ்ரீனிவாஸையும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தையும் கைதட்டி ஏற்றுக்கொண்டவர்கள்தானே நாம்?

எல்லாக் கலவையும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மிருதங்கத்தையும் கீபோர்டையும் பக்கத்தில் உட்காரவைத்து ஃப்யூஷன் என்று ஏமாற்றுபவர்கள் நிறைய உண்டு. பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில், ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். அவர்களும் பதில் சொல்வார்கள். கலந்திருக்கிறது என்பதை மட்டும் குற்றமாகச் சொல்லாதீர்கள். ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்க்கும் நமக்கு அது அழகில்லை.