பத்தமடைப் பாயும் நெசவுக் கூலியும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வேலை கிடைக்கவில்லை என்ற குறை ஒரு பக்கம். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு மற்றொரு பக்கம். இவ்விரண்டையும் ஒரே ஊரில் கேட்க விரும்புவோர் திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள பத்தமடைக்குச் செல்லலாம். அவ்வூரில் கோரைப்பாய் நெசவுக்கு, அதிலும் பட்டுப்பாய் என்று பெயர் பெற்ற மெல்லிய பாயை நெய்வதற்கு, கைகள் தேவைப்படுகின்றன. ஆனால் கற்றுக்கொள்ள இளம் பெண்கள் முன்வருவதில்லை. இக்காலத்துப் பெண்களுக்குப் பொறுமை போதாது என்று சிலர் இதற்குக் காரணம் சொல்லுகின்றனர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. உண்மைக் காரணம் கூலியிலேயே இருக்கிறது.

இத்தொழில் எத்தகையது என்பதை முதலில் கவனிப்போம். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறி உலர்த்துகிறார்கள். பின்னர் அதைப் பல நாள் நீரில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, இழை இழையாகக் கிழித்துச் சாயம் ஏற்றுகிறார்கள். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. முரட்டுப் பாய் 50 எண் அளவில் நெய்யப்படும். பட்டுப்பாயோ 100 முதல் 140 எண் வரை செல்லும். எண் ஏற ஏற இழை மெலியும். இழை மெலிய மெலிய நாள் நீளும். உயர்ந்த பாய் ஒன்று தறியிலிருந்து இறங்க வாரக்கணக்கில் செல்லும். இவ்வளவும் வீட்டுக் கூடத்திலும் திண்ணையிலும், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் கையால் நடைபெறுகிறது. 1953-ம் வருஷத்தில் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் பாய் சென்றதென்று ஊரார் இன்றும் பெருமை பேசுகின்றனர். 2012-13-ல் இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்குறியீடு ஊரின் பெயரைப் பிறர் திருடாதவாறு காக்கும். நெய்கிறவளின் நாட்கூலியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பாய்க்கு இன்ன விலை என்பது வியாபாரியின் வாயிலிருந்து வருகிறது. அவ்விலையில் கோரை, நூல், சாயம் ஆகியவற்றின் செலவு போக மிஞ்சுவதே நெய்தவளுக்குக் கூலி. கோரையைக் கிழித்த நாளும், ஊறவைத்துக் காத்திருந்த நாளும், வீட்டுச் சிறுமி உடனிருந்து உதவிய பொழுதும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. இயந்திரத் தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் சந்தையை நிரப்பிய பிறகு மிச்சம் இன்னும் சுருங்கிவிட்டது. இந்நிலையில் ஒரு தாய் தன் மகளுக்குத் தறியைக் காட்டத் தயங்குவாளானால் அவளைக் குறை கூற யாருக்கு உரிமையுண்டு?

மகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வயல் வேலை அவற்றுள் ஒன்றாக இருந்தது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைந்தாலும், அறுவடை இயந்திரம் வந்தபின் பெண்களுக்குரிய வேலை நாட்கள் குறைந்துவிட்டன. பீடி சுற்றுதல் மற்றொன்று. அது உடலுக்குக் கேடு செய்யும் தொழில் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்ற திட்டம் அதில் உண்டு. 1966-ல் இயற்றப்பட்ட சட்டம் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றே ஒப்புக்கொண்டது. மூன்றாவதாக ஆலை வேலை. 2025 பிப்ரவரியில் கங்கைகொண்டானில் திறக்கப்பட்ட டாட்டா கம்பெனியின் சூரிய மின்தகட்டு ஆலையில் பெரும்பாலும் பெண்களுக்கே வேலை என்று அறிவிக்கப்பட்டது. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. இவற்றோடு தறியை ஒப்பிட்டுப் பார்க்கும் பெண் தவறாகக் கணக்கிடுகிறாள் என்று நாம் கூறமாட்டோம்.

இங்கே சர்க்காரின் வகைப்பாடு செய்யும் விந்தை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாள் வேலை அளிக்க வாக்களித்தது. தமிழ்நாட்டில் அதற்கு 2025-26-ல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். 2025 டிசம்பரில் பார்லிமெண்டு அதனிடத்தில் வேறு சட்டத்தை நிறைவேற்றி, நாட்களை 125 என்று உயர்த்தியது. இரண்டும் கிராமங்களுக்கே உரியவை. பத்தமடையோ பேரூராட்சி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும் இருந்தும் ஏட்டில் அது நகரம். பக்கத்துக் கிராமத்துப் பெண், இதற்குக் குறைந்து யாரிடமும் உழைக்கமாட்டேன் என்று சொல்ல ஒரு தொகை இருந்தது. பத்தமடைப் பெண்ணுக்கு அது இல்லை. 2004-ல் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றியதும், 2006-ல் மீண்டும் பேரூராட்சிகளாக்கியதும் இதே சர்க்கார்தான். பலகையில் பெயரை மாற்றுவது அத்தனை எளிது. பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் அறிவிக்கப்பட்ட நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் தெரிந்தெடுத்த சில ஊர்களில் மட்டுமே சோதனையாகத் தொடங்கிற்று.

கூலி உயராமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்த, வேலை நிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அவர்கள் ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்கள். ஒருவர் கூலி மற்றவருக்குத் தெரியும். பாய் நெய்கிற பெண்கள் வீட்டுக்கு வீடு பிரிந்து கிடக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பாய் என்ன விலைக்குப் போயிற்று என்பதே அவர்களுக்கு எட்டுவதில்லை.

இத்தகைய நிலைக்கு முன்மாதிரியான பரிகாரம் நம் தேச சரித்திரத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து நூல் நூற்ற ஏழைப் பெண்களுக்குச் சந்தை கொடுத்த சொற்பக் கூலியைக் கண்டு மனம் பொறாத மகாத்மா காந்தி, 1935-ல் ஜீவனக் கூலி வேண்டுமென்று வற்புறுத்தினார். எட்டு மணி நேரம் செவ்வையாக உழைத்தவருக்குப் போதிய உணவும் உடையும் கிடைக்கும் அளவில் கூலி அமைய வேண்டுமென்று அகில இந்திய சர்க்கா சங்கம் அவ்வருஷம் தீர்மானித்தது. கதர் விலை ஏறும், விற்பனை குன்றும் என்ற அச்சம் அன்றும் எழாமலில்லை. எனினும் கூலியை முதலில் நிறுத்தி, விலையை அதன்மேல் கட்டுவதே தர்மம் என்று அவர் கருதினார்.

அம்முறையைப் பாய்க்கும் பொருத்திப் பார்ப்போம். ஒரு பட்டுப்பாய்க்கு 30 நாள் ஆவதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 336 ரூபாய் வீதம் கூலி மட்டுமே 10,080 ரூபாய் ஆகிறது. மண்வெட்டி பிடிக்கும் வேலைக்குச் சர்க்கார் விதித்த கூலிதான் இது. கைத்திறனுக்கென்று இதில் ஒரு காசும் சேரவில்லை. இவ்விலைக்கு எல்லாரும் வாங்க மாட்டார்கள் என்பது மெய்யே. ஆனால் பட்டுப்பாய் எல்லாருக்குமான சரக்கன்று. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்வித்து வாங்குவோரும், கலைப்பொருளாகப் போற்றுவோரும் இதை வாங்குகின்றனர். பட்டுச் சேலைக்குப் பேரம் பேசாமல் பணம் எண்ணி வைக்கும் வீட்டில் பாய்க்கு மட்டும் பேரம் பேசுவது முறையாகாது.

ஆகவே நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். எண் வாரியாக ஒவ்வொரு பாய்க்கும் எத்தனை நாள் உழைப்பு வேண்டுமென்று நெய்வோரையே வைத்துக் கணக்கெடுத்து, அதன்படி கூலி விகிதத்தை ஊரறிய வெளியிட வேண்டும். சர்க்காரின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் அவ்விகிதத்துக்குக் குறைந்து ஒரு பாயும் வாங்கலாகாது. தொழில் பயிலும் பெண்ணுக்குப் பயிலும் காலத்திலேயே நாட்கூலி கொடுத்து, பத்தமடை போன்ற பேரூராட்சிகளில் அதை வேலைத் திட்டத்தின் செலவாகவே கொள்ள வேண்டும்.

இவை செய்யப்படுமானால் தறிக்கு ஆள் தேட வேண்டியிராது. செய்யப்படாவிடில், இன்று தறியில் இருக்கும் மூத்த பெண்களின் கை ஓயும்போது பட்டுப்பாயும் ஓய்ந்துவிடும். அப்போது புவிசார் குறியீட்டுப் பத்திரம் மட்டும் மிஞ்சும். அதை விரித்துப் படுக்க முடியாது. சர்க்காரும், பாய் வாங்கும் தமிழ் மக்களும் காலம் தாழ்த்தாது இதனைக் கவனிப்பார்களாக.