முகவரியை முடக்கினால் போதுமா? பரவலான சமூக வலைத்தளங்களில் வேரூன்றும் திரைப்படத் திருட்டு

சாத்தம் (அந்தமான்): 1883-ல் நிறுவப்பட்ட மரஅறுவை ஆலைக்குப் பெயர்பெற்ற சாத்தம் உள்ளிட்ட அந்தமான் பகுதிகள், நீண்ட காலம் செயற்கைக்கோள் வழி இணையத்தையே நம்பியிருந்தன. சென்னையை அன்றைய போர்ட் பிளேருடனும் மேலும் ஏழு தீவுகளுடனும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடி கேபிள், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டதும் நிலைமை மாறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேருக்குத் தாய்மொழியாகத் தமிழ் விளங்கும் இத்தீவுகளுக்கு, ஓ.டி.டி. தளங்களில் வெளியாகும் புதிய தமிழ்ப்படமும் அதன் திருட்டுப் பிரதியும் இன்று ஒரே கேபிள் வழியாகவே வருகின்றன.

இந்தத் திருட்டைத் தடுக்க இந்தியா இதுவரை பெரிதும் கையாண்ட வழி, இணைய முகவரிகளை முடக்குவது. அதன் வரம்புகள் தொடக்கத்திலேயே வெளிப்பட்டன. 2012-ல் '3' திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, விமியோ போன்ற சட்டபூர்வத் தளங்களும் முழுமையாக முடக்கப்பட்டன. திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் தெளிவுபடுத்த நேர்ந்தது.

முகவரியை மாற்றிக்கொண்டே தப்பிய தமிழ்ராக்கர்ஸ் போன்ற தளங்கள் அடுத்த சவாலாயின. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக வழக்கு தொடராமலேயே மாற்று முகவரிகளையும் தடைப் பட்டியலில் சேர்க்க வழிசெய்தது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், குறைந்தபட்சம் 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அதிகபட்சமாக 3 ஆண்டுச் சிறையும், தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

தளம் போனாலும் கூட்டம் கலையாது

ஆனால் திருட்டின் உயிர்நாடி முகவரியில் இல்லை. எந்த இணைப்பு இயங்குகிறது, எது ஆபத்தானது என்று தங்களுக்குள் தகவல் பகிரும் பயனர் கூட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டம் ஒரே நிறுவனத்தின் தளத்தில் இருக்கும்வரை சட்டத்தின் பிடிக்குள் வரும். பயிற்சி மையப் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தோரின் விவரங்களை அளிக்குமாறு 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராம் நிறுவனத்துக்கு உத்தரவிட முடிந்தது அதனால்தான்.

மாஸ்டடான், லெம்மி போன்ற பரவலாக்கப்பட்ட வலைத்தளங்களில் அத்தகைய ஒற்றை மையம் கிடையாது. தனித்தனி நபர்கள் நடத்தும் பல சேவையகங்கள், 2018-ல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த 'ஆக்டிவிட்டிபப்' என்ற பொது நெறிமுறை மூலம் ஒன்றோடொன்று பேசுகின்றன. 2023 ஜூனில் ரெட்டிட் நிறுவனத்தின் கட்டணக் கொள்கைக்கு எதிர்ப்பு வெடித்தபோது, அங்கிருந்த திருட்டு விவாதக் குழுவின் ஒரு பகுதி லெம்மிக்கு இடம்பெயர்ந்தது.

எனினும் இந்த அமைப்பு அசைக்க முடியாதது அல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில், லெம்மியின் மிகப்பெரிய சேவையகமான 'லெம்மி.வேர்ல்டு', சட்ட ஆபத்தைக் கருதித் திருட்டுக் குழுக்களைத் தன் பயனர்களிடமிருந்து துண்டித்தது. நீதிமன்ற ஆணையால் அன்றி, நிர்வாகிகள் தாமாகவே எடுத்த முடிவு அது. ஆயினும் அக்குழு தனது சொந்தச் சேவையகத்தில் தொடர்ந்து இயங்கியது. பெரிய நிறுவனம் வழக்கறிஞர்களைக் கொண்டு சுமக்கும் பொறுப்பு, இங்கே தனிநபரின் தோளில் விழுகிறது. பரவலாக்கத்தின் வலிமையும் பலவீனமும் இதுவே.

விதிகளின் இடைவெளி

இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கும் அதிகமான பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட சமூக வலைத்தளங்களுக்கே இந்தியாவில் வசிக்கும் இணக்க அதிகாரி போன்ற கூடுதல் கடமைகளை விதிக்கின்றன. சில ஆயிரம் பயனர்களுடன் வெளிநாட்டில் இயங்கும் சேவையகம் அந்த வரம்புக்குள் வராது. அதற்காக முழு வலையமைப்பையும் முடக்கினால் 2012-ன் தவறே திரும்பும். திருட்டுக்குத் தொடர்பற்ற சேவையகங்களும் அவற்றின் பயனர்களும் பாதிக்கப்படுவர்.

இழப்பு சிறிதல்ல என்பதையும் மறுக்க முடியாது. 2023-ல் இந்தியத் திருட்டுச் சந்தையின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்று இ.ஒய். நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அதே அறிக்கை, பல சந்தாக்களைப் பராமரிக்கும் சிரமம், விரும்பிய படைப்பு கிடைக்காமை, அதிகக் கட்டணம் ஆகியவற்றையும் திருட்டை நாடுவதற்கான காரணங்களாகச் சுட்டியது.

ஆகவே, திருட்டுப் பிரதியைப் பதிவேற்றுவோர் மீதும், அறிவிப்புக்குப் பின்னும் அதை நீக்க மறுக்கும் சேவையகங்கள் மீதும் குறிவைத்து நடவடிக்கை எடுப்பது சட்டத்தின் பணி. நியாயமான விலையில், தாமதமின்றி, நாட்டின் கடைக்கோடித் தீவுக்கும் படத்தைக் கொண்டு சேர்ப்பது திரைத்துறையின் பணி. இரண்டாவது நிறைவேறாதவரை, முதலாவது எத்தனை முகவரிகளை முடக்கினாலும் கூட்டம் வேறிடத்தில் கூடும்.