நிரல் எழுதத் தேவையில்லை. பெயர் அறியத் தேவையுண்டு

சென்னையில் வேர்கொண்ட அட்வென்ட்நெட் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் சோகோ கிரியேட்டரை வெளியிட்டது. 2009இல் நிறுவனமே சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. படிவங்களை இழுத்து வைத்தே தரவுத்தளச் செயலிகளை உருவாக்க உதவும் இத்தகைய தளங்கள், தொண்டர்களால் நடத்தப்படும் ரொறன்ரோத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பெரும் வாய்ப்பாகும்.

எனினும் அட்டவணைகளை எவ்வாறு பிரிப்பது என்பதைக் கருவி கற்றுத்தராது. ஆயத்தப் படிவம் பெரும்பாலும் முதற்பெயரையும் குடும்பப்பெயரையுமே கேட்கும். எம்மவரிற் பலருக்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயரே அவ்விடத்தை நிரப்புகிறது. எனவே தந்தைக்குப் பாட்டனாரின் பெயரும் மகளுக்குத் தந்தையின் பெயரும் குடும்பப்பெயராகின்றன. அதனைக்கொண்டு குடும்பங்களைத் தொகுக்கும் செயலி, ஒரே வீட்டாரை இரு குடும்பத்தவராக்கிவிடும். குடும்பத்துக்கெனத் தனி அட்டவணையும் தனி எண்ணும் வகுப்பதே இதற்குத் தீர்வு.

இவ்வழக்கை அறிந்தோர் பெற்றோர்; கருவியைக் கையாள வல்லோர் இளையோர். இரு தலைமுறையும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலில் தாளில் வரைந்து, பின்னரே கணினியைத் திறக்கட்டும். இன்னொன்று: பிறர் தளத்திலுள்ள தரவு வாடகை வீட்டில் வைத்த பொருள் போன்றது. அதன் படியொன்றை மாதந்தோறும் தரவிறக்கிக் காப்பதும் சங்கங்களின் கடமையே.