ஜெர்மானியக் காமிராத் தொழில் நலிந்ததேன்?

ஜப்பானியரது மலிந்த கூலியே ஜெர்மானியக் காமிராக்களை வீழ்த்தியதென்று கூறுவோர் பலர். கேட்பதற்கு எளிதாயிருக்கும் இக்கூற்று முழுதும் பொருந்துவதன்று என்பது எமது துணிபு.

மலிந்த கூலியே மருந்தாயின், ரோலை கம்பெனி பிழைத்திருத்தல் வேண்டும். பிரௌன்ஷ்வைக் நகரில் 1920-ல் பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் தொடங்கிய தொழிற்சாலை அது. 1929-ல் அவர்கள் வெளியிட்ட ரோலைப்ளெக்ஸ் உலகெங்கும் புகழ் பெற்றது. (படமெடுப்போன் குனிந்து நோக்கவேண்டியிருத்தலின், எதிரிலிருப்பவரை வணங்குவான்போலத் தோன்றுவான்.) 1970-க்குப் பின் இக்கம்பெனியார் பெருங்கடன்பட்டுச் சிங்கப்பூரில் ஆலைகள் நிறுவினர். கூலி குறைந்தது, விற்பனையோ எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. 1981-ல் கம்பெனி திவாலாயிற்று. பின்னர்ப் பலமுறை கைமாறிய அத்தொழில் 2009-ல் மறுபடியும் திவாலுக்குட்பட்டது.

அங்ஙனமாயின் உண்மைக் காரணம் யாது? லைட்ஸ் கம்பெனியார் 1954-ல் வெளியிட்ட லைக்கா எம் 3 தன் வகையில் ஒப்பற்றது. அதனை வெல்லவியலாதென உணர்ந்த ஜப்பானியர் வேறு வழி சென்றனர். லென்ஸ் காணும் காட்சியையே கண்ணாடியின் உதவியாற் படமெடுப்போனும் காணச்செய்யும் ரிப்ளெக்ஸ் முறையை மேற்கொண்டு, 1959-ல் நிக்கான் எப் காமிராவைக் கொணர்ந்தனர். இம்முறையோ ஜெர்மனிக்குப் புதிதன்று! டிரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டா 1936-லேயே அதனைக் கையாண்டது. தம் வீட்டில் முளைத்த பயிரைத் தாமே பேணாது விட்டனர். ஜைஸ் ஐக்கான் செய்த கான்டரெக்ஸ் உறுதியானதேயெனினும் பளுவும் விலையும் மிக்கது. 1972-ல் அக்கம்பெனி காமிராத் தொழிலையே கைவிட்டது. லைட்ஸின் ரிப்ளெக்ஸ் 1965-லேதான் கடைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஜப்பானியக் காமிராக்கள் லென்ஸ் வழியே புகும் ஒளியை அளக்கத் தொடங்கியிருந்தன. லைட்ஸின் கருவியோ வெளியே பொருத்திய கண்கொண்டே அளந்தது. வேலைப்பாட்டிற் குறைவில்லை, வாங்குவோன் வேண்டுவது யாதென வினவாத செருக்கே குறை.

டிஜிட்டல் காலத்திலும் இவ்வரலாறே மீண்டது. 2005-ல் பாங்கிகள் கடனைக் குறைத்தன. லைக்கா கம்பெனியின் மூலதனத்திற் பாதிக்குமேல் அழிந்தது. அதனைக் காத்தவர் ஆஸ்திரிய நாட்டு ஆண்ட்ரியாஸ் கௌப்மன். முன்னர்ப் பள்ளி ஆசிரியராயிருந்த இவர், குடும்பச் செல்வத்தைக்கொண்டு பங்குகளை வாங்கி, 2006-ல் கம்பெனியைத் தம் வசமாக்கினார். எம் 8 என்னும் டிஜிட்டல் கருவியும் அவ்வாண்டே வந்தது. 2014-ல் கம்பெனி தன் பிறப்பிடமாகிய வெட்ஸ்லர் நகருக்கே மீண்டது.

ஆயினும் பத்திரிகை நிருபர் தோளில் தொங்கித் தெருவெல்லாம் திரிந்த கருவி, இன்று பெரும்பாலும் செல்வரே விரும்பி வாங்கும் அரும்பொருளாயிற்று. மாணவனொருவன் அதனைக் கடையில் நோக்கி மீளலாமேயன்றி வாங்கல் அரிது. இதனைக் குறைகூறுவோரோடு யாமும் ஓரளவு உடன்படுகின்றோம். எனினும் பிரௌன்ஷ்வைக்கில் நேர்ந்ததினும் இது நன்றே. வெட்ஸ்லரில் லென்ஸ் செய்யும் கைகள் இன்றும் வேலையிலிருக்கின்றன.