ஓட்டில்லாதவனின் தேர்தல்

2011-இல் தமிழ்நாடு ஏப்ரல் 13 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு, முடிவுக்கு மே 13 வரை காத்துக் கிடந்தது. நடுவில் மே 7, சனிக்கிழமை, சிங்கப்பூரில் பொதுத்தேர்தல். அப்போது நான் அங்கே பர்மிட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில் செந்துறை, ஜெயங்கொண்டம், குன்னம் என்று பாதிப் பேர் நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்கள். அம்மாவா கலைஞரா என்று விடிய விடியச் சண்டை நடக்கும். இருக்கிற நாட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருப்பதே நல்லது என்றிருந்தோம். குடியுரிமை இல்லாதவர் பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது என்பது அங்கே சட்டம். "தம்பி, மீட்டிங் நடக்குற பக்கமே போயிடாத. பர்மிட்ட கேன்சல் பண்ணி ஏத்திவுட்டான்னா ஏஜென்ட்டுக்கு வாங்கின கடன யாரு கட்டுறது?" என்பார் பெரம்பலூர் அண்ணன் ஒருவர். அவருக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

ஆனால் அந்தத் தேர்தலில் பெரிதாகப் பேசப்பட்டதே எங்களைப் பற்றித்தான். 2010 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் 50 லட்சம் பேர். குடிமக்கள் 32 லட்சம்தான். வீட்டு விலை ஏறிவிட்டது, ரயிலில் நிற்க இடமில்லை, எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வந்ததால் என்று மக்களுக்குக் கோபம். ரயில் நெரிசலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? எங்களை லாரியின் பின்னால் அல்லவா உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள்! அந்தக் கோபம் பெரும்பாலும் அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மேல்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பவருக்கு எந்த வேலை பாஸில் வந்தவர் என்று நெற்றியிலா எழுதியிருக்கும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகத்துக்கு நேராக யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் சைட் ஃபோர்மேன், ஐம்பது வயதுச் சீனர், வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போடப் போகிறேன் என்று சிரித்தார். அவர் வட்டாரத்தில் அதுவரை போட்டியே இருந்ததில்லையாம். நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கே எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஆளுங்கட்சி ஜெயித்த தொகுதிகள் அப்போதுவரை ஏராளம்.

முடிவு வந்தது. 87 இடத்தில் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு 81. நம் ஊரில் வெடி வெடித்து இனிப்புக் கொடுத்திருப்பார்கள். அங்கே அதைச் சறுக்கல் என்றார்கள். ஓட்டு 60 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பல பேர் ஒரே அணியாக நிற்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதியை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி பறித்துக்கொண்டது. வெளியுறவு அமைச்சரே அங்கே தோற்றார். மே 14 அன்று முன்னாள் பிரதமர்கள் லீ குவான் இயூவும் கோ சோக் டோங்கும் அமைச்சரவையை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். அந்த நாட்டைக் கட்டி, அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆட்சியில் இருந்த கிழவர் லீ நாற்காலியை விடுகிறார். எங்கள் அறையிலோ முந்தின நாள் ஜெயலலிதா ஜெயித்த கொண்டாட்டமும் ஒப்பாரியும் இன்னும் ஓயவில்லை. அந்தச் செய்தி எங்கள் காதிலேயே விழவில்லை. ஆனால் எங்களைத் தொட்ட மாற்றம் சிங்கப்பூர்த் தேர்தலில்தான் இருந்தது. அதன் பிறகு வெளிநாட்டாரை எடுப்பதற்கான விதிகள் இறுகின, எங்களை வைத்திருக்க முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியும் படிப்படியாக ஏறியது.

இப்போது நான் அரியலூரில் இருக்கிறேன். இங்கே சிமென்ட் ஆலைகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள். 2024 ஏப்ரல் 19 அன்று அரியலூர் அடங்கிய நம் சிதம்பரம் மக்களவைத் தொகுதி ஓட்டுப் போட்டபோது, டீக்கடையில் அவர்கள் ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரம்பலூர் அண்ணன் சொன்ன அதே புத்திமதியை அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். இவர்கள் சொந்த நாட்டில் இருப்பவர்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். "வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிட்டான்" என்று மேடையில் பேசுகிறவருக்கு அதனால் ஓட்டு நட்டமில்லை, அவர்கள் பேர் இந்த ஊர்ப் பட்டியலில் இல்லாதவரை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

வேலை பார்க்கிற ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்டப் பார்த்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. அவர்கள் சந்தேகம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க எந்தக் கட்சியும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு ஓட்டுரிமை தந்த சட்டம் 2011 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். அஞ்சலில் அனுப்ப விடலாம் என்று ஆணையம் 2020-இல் அரசுக்கு எழுதியது. 2024 தேர்தலுக்குள் அது நடக்கவில்லை. அந்தத் தேர்தலில் பெயர் பதிந்திருந்த வெளிநாட்டு இந்தியர் 1,19,374 பேர். விமானம் ஏறி வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958. அதிலும் பெரும்பாலானோர் கேரளக்காரர்கள்.