சிபார்சுக்கு ஒரு கமிஷன், நீதிக்கு ஏழாண்டா?

திருப்பூர் பனியனை உலகமெல்லாம் உடுத்துகிறது. அதைத் தைத்த கை எந்தச் சாதிக் கை என்று கேட்பாரில்லை. ஆனால் அதே ஜில்லாவில், அவினாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் சர்க்கார் பள்ளியில், 2018 ஜூலையில், அருந்ததியர் வகுப்புப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று மேல்சாதிப் பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். உத்தியோகஸ்தர்கள் செய்ததென்ன? தடுத்தவர்களை அடக்கினார்களா? இல்லை. சமைக்க வந்தவரையே மாற்றி உத்தரவு போட்டார்கள்! கண்டனக் கிளர்ச்சி எழுந்த பிறகே அது ரத்தாயிற்று. திருடன் மிரட்டுகிறான் என்று வீட்டுக்காரனை வெளியேற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. திருப்பூர்த் தனிக்கோர்ட் ஆறு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனை விதித்தது 2025 நவம்பரில்தான். தண்டனை வந்ததில் நமக்குத் திருப்தியே. ஆனால் அந்தச் சட்டம், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் 'கூடுமானவரை' விசாரணை முடியவேண்டும் என்கிறது. கூடியதோ ஏழாண்டு! அன்று ஆறாம் வகுப்பிலிருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப்படிப்பையே முடித்திருக்கும்.

நிற்க. மனித உரிமைக் கமிஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1993-ம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்தது. சாட்சிகளை அழைக்கவும் தஸ்தாவேஜுகளை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டின் அதிகாரம் அதற்குண்டு. உத்தியோகஸ்தர் உரிமையைப் பறித்தாலும், பறிப்பதைத் தடுக்கத் தவறினாலும் விசாரிக்கலாம். இவ்வளவும் செய்து முடிவில் தருவதோ சிபார்சு! சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் அந்த விசாரணையும் கிடையாது. அச்சிபார்சு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லவே 2021-ல் சென்னை ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் அதன் மதிப்பு என்னவென்று நாம் சொல்லவும் வேண்டுமா?

கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் உத்தியோகஸ்தருக்கு வன்கொடுமைச் சட்டத்திலேயே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. ஆனால் அவர் மீது குற்றஞ்சாட்ட நிர்வாக விசாரணையின் சிபார்சு வேண்டுமாம். தன் கூட்டத்தார் மீது எந்த நிர்வாகம் மனமுவந்து சிபார்சு செய்யும்?

ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல. 'கூடுமானவரை' என்ற சொல் ஒழிய வேண்டும். கமிஷனின் முடிவு உத்தரவென்றே சட்டத்தில் ஏற வேண்டும். சாதிக்கு வளைந்த உத்தியோகஸ்தரின் சம்பளத்திலிருந்தே நஷ்டஈடு பிடிக்கப்பட வேண்டும்.

தோழர்களே! தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுப்படி வரை வந்து அதை நிறைவேற்றும் அதிகாரத்தைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாமே.