பொறுப்பாக ஆடச் சொல்பவர்கள் யார்?

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலியும் கிடையாது. 2022 முதல் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் மளிகைக்கும் குழுக்கடன் தவணைக்குமே காணாது. அப்படியொரு மழைமாதத்தில்தான், உப்பு வாரும் ஒரு தாயின் மகன், கல்லூரி இரண்டாமாண்டு படிப்பவன், வங்கிக்கணக்கில் வந்து விழுந்த கல்வி உதவித்தொகை முழுவதையும் இரண்டே இரவில் ரம்மியில் விட்டான். எங்களிடம் வந்து அவன் சொன்ன முதல் வார்த்தை: “நான்தான் கன்ட்ரோலா இருந்திருக்கணும் அண்ணே.”

இந்த வாக்கியத்தை அவன் வாயில் வைத்தது யார்?

சூதாட்ட நிறுவனங்கள்தான். நட்சத்திரங்களைக் காட்டி ஆசைகாட்டிவிட்டு, கடைசியில் ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்று ஒரு வரி. லாபம் கம்பெனிக்கு, பொறுப்பு உனக்கு. இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. ‘அவங்க கையில காசு தங்காது’ என்று தலைமுறை தலைமுறையாக நம் சேரிகளைப் பார்த்துச் சொன்ன அதே குரல். கூலியைக் குறைத்தவன், நிலத்தைப் பறித்தவன், வட்டியை ஏற்றியவன் எல்லோரும் தப்பித்துக்கொள்ள, ஏழையின் குணம் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். மேசையில் 1,000 ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும் கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சப் பணத்தை அப்படியே வைத்துத் திரும்பத் திரும்ப ஆடினால், ஏழாவது சுற்று முடியும்போது 478 ரூபாய்தான் இருக்கும். யார் கெட்டிக்காரர், யார் கட்டுப்பாடானவர் என்பதெல்லாம் அந்த 478-ஐ யார் எடுத்துப்போவது என்பதற்கு மட்டும்தான் உதவும். மீதி 522 போன இடம் ஒன்றுதான்.

இந்தக் கடலுக்கும் இது தெரிந்த கதை. ஆங்கிலேயர் காலத்து இலங்கைக் கரைச் சலாபங்களில், மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. இரண்டு பங்கு அரசுக்கு. திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம்விட்டார்கள். முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏலம்விட்டவனுக்கு நட்டமில்லை.

சட்டம் சும்மா வரவில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் முதல் தடையை ரத்துசெய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகுதான் 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே நவம்பரில் ரம்மியும் போக்கரும் தடைப்பட்டியலிலிருந்து நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டன. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்ற 2025 விதியையும் எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின, தோற்றன. நம்மைக் கட்டுப்பாடாக இருக்கச் சொன்னவர்களுக்கு ஐந்து மணிநேரக் கட்டுப்பாடு பொறுக்கவில்லை! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கே தடை கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் டெலிகிராம் வழியாக இன்றும் நம் பிள்ளைகளைத் தேடி வருகின்றன.

அப்படியானால் தனிமனிதக் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். ஆனால் அதைத் தனியாளாகச் சுமக்க வேண்டாம் என்கிறோம். உதவித்தொகை வரும் கணக்கை செல்போன் பணப்பரிமாற்றத்தோடு இணைக்காதீர்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள், கடன் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால், வாழ்க்கையே வெறுத்தால், 14416-க்கோ 104-க்கோ உடனே கூப்பிடுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. புகாருக்கு நாங்கள் கூட வருகிறோம்.

தோழர்களே, விடுதி அறையிலும் மாலைநேரப் படிப்பகத்திலும் இந்தப் பேச்சை எடுங்கள். உதவித்தொகை என்பது யாரும் போட்ட பிச்சையல்ல, நம் முன்னோர் போராடி வாங்கிய உரிமை. அதைச் சூதாடிகளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அந்தத் தம்பியை நாங்கள் திட்டவில்லை. அவனோடு போய் அவன் அம்மாவிடம் பேசினோம், கல்லூரியில் தவணை கேட்டோம். இந்தப் பருவத் தேர்வை அவன் எழுதுகிறான்.